பின்பாரம்

எங்கள் கிணறு வற்றிய பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு மோட்டார் வண்டிப் பைத்தியம் பிடித்தது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் மேட்டுக்காடு. பாறைக்கு வெடி வைத்து வெடி வைத்து ஆழப்படுத்தியதில் கிடைத்தது தூசிதான். ஊரில் பாதிப்பேர் கோயமுத்தூர் மில்லுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பிடிவாதமாக நின்றார்.

"ஒருத்தன் சங்கு ஊத, நான் எந்திரிச்சு ஓடோணுமா? அந்தப் பொழப்பு நமக்கு ஆகாது அம்மணி."

அவருக்குத் தெரிந்த இன்னொரு தொழில், பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் ஃபாக்டரியிலிருந்து மாட்டு வண்டியில் பஞ்சுப் பொதி ஏற்றிப் போவது. அதையே மோட்டாரில் செய்தால் மில் வேலைக்குப் போகாமல் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். காளைகளையும் வண்டியையும் விற்று, யுத்தத்துக்குப் பிறகு ஏலத்தில் போய்ப் பல கை மாறிய மிலிட்டரி பிக்கப் ஒன்றைக் கொண்டு வந்தார். இது போனால் எங்களுக்கு வேறு கதி இல்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

பிக்கப்பில் ஏற்றினால் எத்தனை பொதி ஏறும்? பின்னால் டிரெய்லர் ஒன்றை இழுத்தால்தான் கட்டுபடியாகும். கோயமுத்தூரில் ஒரு பட்டறைக்காரரிடம் விட்டார். அந்த மனிதருக்கு வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். பின் ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை சேர்த்து, அடிச்சட்டத்துக்கு இரும்பு கொடுத்து, பின்னால் ஒரு கொக்கி மாட்டினார். உடைந்த லாரியின் அச்சை வைத்து இரட்டைச் சக்கர டிரெய்லரும் செய்தார். "மெதுவா ஓட்டுங்க" என்பதோடு அவர் புத்திமதி முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் கொக்கிக்கு விளக்கெண்ணெய் தடவினார். காளைக் கழுத்து புண்ணாகாமல் இருக்கத் தடவுவாரே, அதே எண்ணெய்.

"அப்படியே கொஞ்சம் புண்ணாக்கும் வெச்சுப்போடுங்க" என்றேன். சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

முதல் பாரம் ஏற்றிய அன்று நானும் கூடப் போனேன். சூலூரில் இறங்கிக் கருமத்தம்பட்டியில் என் அம்மா வீட்டுக்குப் போவதாகத் திட்டம். ஃபாக்டரி வாசலில் அவர் டிரெய்லருக்குப் பொதி அடுக்கியதை இன்னும் நான் மறக்கவில்லை. மாட்டு வண்டியில் பாரம் முன்னால் சாய்ந்தால் காளையின் கழுத்து நசுங்கும். அதனால் பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார்கள். லேசாக எழும்பினால் சரி. இவரும் பொதிகளைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி அடுக்கி, கொக்கியில் மாட்டும் டிரெய்லரின் மூக்கை ஒரு கையால் தூக்கிக் காட்டினார்.

"பூவாட்ட இருக்குது பாரு!"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்கள். "பாரம் ஏத்தினா இப்படி ஏத்தோணுமுங்க" என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பல்லடம் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் ஒரு இறக்கம். வண்டி வேகம் எடுத்ததும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. இடமும் வலமுமாக அது ஆட, பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து ஆடியது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "ஹோ... ஹோ..." என்று மாட்டை அடக்குவதுபோல அதட்டினார். பிறகு பிரேக்கை மிதித்தார். டிரெய்லர் எங்களைப் பின்னாலிருந்து சுழற்றி எறிந்துவிட்டுப் புளியமரத்தில் மோதிக் கவிழ்ந்தது. பிக்கப் வந்த திசையைப் பார்த்துத் திரும்பி நின்றது. பொதிகள் சோளக்காட்டில் உருண்டு கிடந்தன. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவருக்கு அதுவும் இல்லை. கொக்கி பிய்ந்து, அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தது. இனி அந்த வண்டி ஓடாது என்பது எனக்கே தெரிந்தது.

அந்த வழியாக வந்த லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து பொதி கிடந்த விதத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, பாரத்தையெல்லாம் பின்னால போட்டீங்களா? முன்னாலதானுங்க கொஞ்சம் அதிகமா இருக்கோணும். கொக்கி மேல பாரம் அமுங்கினாத்தான் இது ஆடாம வருமுங்க."

"கழுத்து வலிக்குமுங்களே" என்றார் இவர்.

லாரிக்காரர் சிரிக்க வாய் திறந்தார். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பொதியைத் தூக்கப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை. அசட்டையாகச் செய்திருந்தால் வாய் வலிக்கத் திட்டியிருப்பேன். இந்த மனுசன் தனக்குத் தெரிந்ததை ஒரு குறையும் இல்லாமல் செய்தார். அதற்குத்தான் இந்தக் கூலி. தெய்வத்தைத் திட்டினேன், அது பாட்டுக்கு இருந்தது.

பிக்கப் பழைய இரும்புக்குப் போனது. அவர் கோயமுத்தூரில் ஒரு மில் குடோனில் பொதி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மில் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியேறினோம். மில் சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பார். குடோனில் ஒவ்வொரு பொதிக்கும், "இதை எங்கீங்க போடட்டும்?" என்று கேட்கிறாராம். அடக்கமான ஆள் என்று மேஸ்திரிக்கு அவர்மேல் பிரியம். அவரை எனக்கல்லவா தெரியும். யார் சொன்னாலும் கேட்காமல், பொதியைக் கண்ணால் பார்த்தே இடம் சொல்லிவந்த ஆள் அவர்.

ஒருநாள் தெருக்குழாயிலிருந்து தோளில் குடத்தோடு வந்தார். அந்த ஒற்றை அறையில் குடம் வைக்க ஒரே ஒரு மூலைதான் உண்டு. வாசற்படியிலேயே நின்றார்.

"ஏன் அம்மணி, இதை எங்க வெக்கட்டும்?"

"கண்ணு தெரியலீங்களா?" என்று சீறினேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. நான் இடத்தைச் சொல்லும்வரை, தண்ணீர் சட்டையில் வழிய வழிய, அங்கேயே நின்றார்.