பரண் ஏறாத தசரா

மைசூரு விஜயநகரில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். தசராவுக்கு ஏழு படி கொலு. பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்குவது அவர் வேலை. அவருக்கு மறதி நோய் வந்த பிறகு, போன வருடம் நானே ஸ்டூலில் ஏறினேன். பெட்டியோடு விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு வந்தவரிடம், "எதிர்வீட்டு சுதாவைக் கூப்பிடுங்கோ" என்றேன்.

"தரையில படுத்திண்டிருக்கியே, குளிராதா?" என்று கேட்டு, படிகளில் விரிக்க எடுத்துவைத்திருந்த வெள்ளை வேட்டியை என் கழுத்துவரை போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எத்தனை கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் பூ கொடுக்க சுதா வந்து மணி அடித்தாள். அவர் கதவைத் திறந்து, "மெதுவா பேசும்மா, அவ தூங்கறா" என்றார். என் முனகல் கேட்டு உள்ளே ஓடிவந்த அவள்தான் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

இந்த வருடம், கல்யாணத்தில் அம்மா கொடுத்த ராஜா ராணி மரப்பொம்மைகளை மட்டும் டிவி மேஜையில் வைத்தேன்.

"இஷ்டேனா ஆன்ட்டி, இவ்வளவுதானா?" என்றாள் சுதா.

"இவ்வளவு போதும்மா."

அவர்தான் தினமும், "மத்த பொம்மையெல்லாம் எங்கே?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலைத் தேடுகிறார். அது சுதா வீட்டில் இருக்கிறது. எங்கள் வாசற்கதவுச் சாவி ஒன்றும் இப்போது அங்கேதான் இருக்கிறது.