தூள் பார்சலுக்கு விட்ட இடம்

கடைச் சுவர் முழுக்கப் பனி அள்ளும் சவள்கள் தொங்கின. அவற்றில் மிகச் சிறியதாய் இரண்டு எடுத்தேன்: ஒன்று எனக்கு, மற்றது என் கூட்டாளிக்கு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒன்றாகத் திரியும் நாங்கள், மாசி முடிய மேற்கே கல்கரிப் பக்கம் போய், லிஃப்ட் இல்லாத மலையில் நாங்களாகவே ஏறிப் பனியில் சறுக்குவதாக இருந்தோம். அங்கே பனி சரிந்து ஒருவன் புதைந்தால் மற்றவன்தான் எடுக்க வேண்டும். அதற்கு மூன்று சாமான்: சிக்னல் அனுப்பவும் தேடவும் உதவும் பீக்கன், பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கம்பி, சவள்.

மூன்று கிழமையாக ரிவ்யூ வாசித்து, கிராம் கிராமாக ஒப்பிட்டு, ஒரு ஸ்பிரெட்சீட் செய்திருந்தேன். ஏன் சின்னது என்று கூட்டாளி கேட்டபோது, பாரம் குறைவு என்றேன். அது பொய். அம்மாவிடம் வேலை விசயமாகக் கல்கரிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான், அங்கேயிருக்கும் சித்திக்கு மிளகாய்த்தூள் வறுத்து இடித்து ரெண்டு பெரிய பார்சல் கட்டிவிட்டா. எங்கள் வீட்டில் எவரும் வெறும் பையோடு பிளேன் ஏறியதில்லை. தூளுக்கு இடம் விட்டு, மிச்ச இடத்துக்குள் அடங்கும் சாமானைத்தான் நான் தேடினேன்.

ஒரு சனிக்கிழமை, நாங்கள் இருக்கும் ரூஜில், தெரு முனையில், பனி தள்ளும் பிளவ் வண்டி ஒதுக்கிய மேட்டில் பழகிப் பார்த்தோம். சரிந்த பனி நின்றதும் இப்படித்தான் இறுகும் என்று பனிச்சரிவு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கூட்டாளி தன் பீக்கனைப் பழைய பை ஒன்றுக்குள் வைத்து, ஆழமாய்ப் புதைத்து, மேலே ஏறி மிதித்தான். பிறகு ஃபோனில் நேரம் வைத்தான்.

என் பீக்கனில் சிக்னல் உடனே கிடைத்தது. கம்பியும் நாலாம் குத்தில் பையைத் தொட்டது. தோண்டத்தான் முடியவில்லை. கட்டைப் பிடியில் இரண்டு கையும் மோதின. ஒவ்வொரு தரமும் ஒரு கோப்பை அளவு பனிதான் வந்தது. நாயோடு போன அங்கிள் ஒருவர் நின்று பார்த்தார்.

"தம்பி, பனி அள்ளுற ட்ரைவ்வே உங்கால இருக்கு."

கூட்டாளி சிரித்தான். பிறகு சிரிப்பதை நிறுத்தினான். முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் முக்கியம் என்று இருவருக்கும் தெரியும். நான் பையை இழுத்தெடுத்தபோது அவன் ஃபோனைத் திருப்பிக் காட்டினான். இருபத்தாறு.

"மச்சான், நான் செத்திட்டன்."

எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. கையுறைக்குள் விரல்கள் விறைத்திருந்தன. சவளைத் தட்டிச் சுத்தமாக்கினேன். "பசிக்குது," என்றேன்.

திங்கட்கிழமை போய் நீளும் பிடியும் பெரிய அலகும் உள்ள சவளாக மாற்றினேன். அது பைக்குள் போனதும் தூளுக்கு இடமில்லை. அம்மா கட்டிலில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

"ஒஃபிசுக்குச் சவள் என்னத்துக்கு?"

சொன்னேன். மலை, பனி, புதைவது, எல்லாவற்றையும் பஸ் நேரம் சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னேன். திட்டுவா என்று நின்றேன். திட்டவில்லை.

"நீ அவனைக் கிண்டுவாய். உன்னை ஆர் கிண்டுறது?"

"அவன்தான்."

"அவனிட்டையும் உந்தப் பெரிசோ?"

அவனுடைய சின்னச் சவளை வாங்கிக் கொடுத்ததே நான்தான். மாற்றும்போது எனக்கு மட்டும்தான் மாற்றியிருந்தேன். அம்மாவுக்கு முன்னாலேயே அவனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"நான் ஞாயிறே மாத்திட்டன்ரா," என்றான். "நீ கிண்டினதைப் பாத்தாப் பிறகும் மாத்தாமல் இருக்கேலுமோ? என்ரை சவள் உன்னைக் கிண்டவெல்லோ."

ஸ்பீக்கரில் அம்மாவுக்கும் கேட்டது. அவ எழும்பி, தூள் பார்சல் இரண்டையும் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனா. அலுமாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் பையின் சிப்பை இழுத்தேன். முட்டாமல் மூடியது.