ஹீப்ருவும் ஸோங்காவும்: நாவுலையோடு நின்ற வில்கமுவப் பயணம்

மாத்தளையிலிருந்து வில்கமுவைக்கு பஸ்ஸில் போவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போய்ப் பார்த்துவிட்டே எழுதலாம் என்று ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். போய்ச் சேரவில்லை. பஸ்ஸில் நின்ற முழங்கால் வலி இன்னும் விட்டபாடில்லை. ஆனாலும் அன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் எங்கள் வீட்டு மாடி அறையை வாடகைக்கு விடுகிறோம். அந்த வாரம் ஒரு தம்பதி தங்கியிருந்தார்கள். ஷிரா ஹைஃபாவில் பிறந்தவர், தாய்மொழி ஹீப்ரு. தாஷி பூட்டான்காரர், பேசுவது ஸோங்கா. மகள் யேஷிக்கு நாலு வயது. அம்மா அவளிடம் ஹீப்ருவில் மட்டும் பேசுவார், அப்பா ஸோங்காவில் மட்டும். தங்களுக்குள் ஆங்கிலம். மற்றவர் மொழியை இருவரும் படித்ததில்லை. வில்கமுவ வயல்களைப் பார்க்க தாங்களும் வருவதாகச் சொன்னார்கள்.

அலுவிகாரையில் காலை 6.10க்கு பஸ் ஏறினோம். நாவுல வரை இருபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஆளுக்கு 120 ரூபா. நானும் தாஷியும் கடைசிவரை நின்றுகொண்டே போனோம். 7.20க்கு இறங்கினோம். வில்கமுவ பஸ் 7.45க்கு என்றார்கள். ஒன்பதரை ஆகியும் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்தோம்.

பொழுதுபோக, "எட்டு" என்று உங்கள் மொழியில் எழுதிக் காட்டுங்கள் என்று இருவரிடமும் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். ஷிரா வலமிருந்து இடமாக எழுதி "ஷ்மோனே" என்றார். வாயில் வரும் உயிரொலிகள் பெரும்பாலும் எழுத்தில் இல்லை. படிப்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டுமாம். தாஷி இடமிருந்து வலமாக, ஒன்றின்மேல் ஒன்றாக எழுத்துகளை அடுக்கி எழுதினார். ஐந்து எழுத்தாவது இருக்கும். வாசித்தபோது "கே" என்று ஒரே ஒலி. ஹீப்ரு சொல்வதை எழுதாமல் விடுகிறது, ஸோங்கா எழுதியதைச் சொல்லாமல் விடுகிறது என்று குறித்துக்கொண்டேன். ஸோங்காவில் நம் தமிழைப் போல வினை கடைசியில் வரும். மரியாதைக்கு நாம் "ங்க" சேர்ப்பதுபோல் முடிவில் "லா" சேர்ப்பார்கள். ஹீப்ருவில் அப்படி மரியாதை ஒட்டு கிடையாது, ஆனால் முன்னால் இருப்பவர் ஆணா பெண்ணா என்று பார்த்து "நீ" மாறிவிடும்.

ஷிரா பிள்ளைக்கு எண்ணிக் காட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ரிஸ்வான் கிட்ட வந்தார். "என்ன மெடம், அர்பா, ஹமேஷ்ங்கிறாங்க? நாங்க ஓதுற பள்ளியில அரபுல நாலு, அஞ்சுக்கு அர்பஆ, ஹம்ஸான்னு படிச்சோம். ரெண்டும் சொந்தக்காரப் பாஷையா?" ஆமாம் என்றேன். "அப்ப அவரோடது?" என்று தாஷியைக் காட்டினார். திபெத்துப் பக்கத்துச் சொந்தம், இதோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றேன்.

நான் கிளறியது வினையாகிவிட்டது. யேஷி இன்னும் சரியாகப் பேசுவதில்லை, பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு மொழியையாவது விட்டால்தான் தேறுவாள் என்றார் ஷிரா. எதை என்று சொல்லவில்லை. தாஷிக்குப் புரிந்துவிட்டது. எலஹெர ரோட்டில் வில்கமுவைக்கு வேன் கிடைக்குமா என்று பார்த்து வருவதாகச் சொல்லி எழுந்து நடந்தார்.

அவர் போய்ப் பத்து நிமிஷம் இருக்காது. யேஷி வீறிட்டாள். வலது காதைப் பொத்திக்கொண்டு தலையை உதறினாள். ஷிரா கேட்கக் கேட்க "பூப், பூப்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. தாஷியின் போனுக்கு அடித்தோம், எடுக்கவில்லை. "நீங்க டிஸ்பென்சரிக்கு ஏறுங்க. விட்டுட்டு நான் அவரத் தேடிக் கூட்டிட்டு வாறேன்" என்றார் ரிஸ்வான்.

டொக்டர் இளம்பெண், பேசியது சிங்களம். அவர் கேட்பதை நான் ஆங்கிலத்தில் ஷிராவிடம் சொல்ல, ஷிரா ஹீப்ருவில் மகளிடம் கேட்டார். திரும்பி வந்தது "பூப்" மட்டும். டோர்ச்சை எடுத்தாலே பிள்ளை எட்டி உதைத்தாள். சளியால் வந்த காதுவலியாக இருக்கலாம், பாணி மருந்து தருகிறேன் என்றார் டொக்டர். ஷிரா பொறுமை இழந்து மகளின் தோளைப் பிடித்து அதட்டினார். "ஒழுங்காகப் பேசு" என்பதாகத்தான் இருக்கும்; மொழி தெரியாத எனக்கே விளங்கியது. யேஷி அழுகையைக்கூட அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு ஒலியாக, அதே சொல்லை இன்னொரு தரம் சொன்னாள்.

அரை மணி கழித்து தாஷி ஓடி வந்தார். முட்டி போட்டு உட்கார்ந்து என்னவோ கேட்டார். பிள்ளை சொன்னாள். "பூப் என்றால் ஸோங்காவில் பூச்சி" என்றார் அவர் எங்களிடம். "காதுக்குள் பூச்சி நடக்கிறதாம்." அவர் மடியில் அவள் அசையாமல் இருந்தாள். டொக்டர் எண்ணெய் விட்டு, சற்றுப் பொறுத்துக் கழுவி எடுத்தார். அரிசி அளவில் ஒரு கறுப்பு வண்டு.

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தார் ஷிரா. "அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நான்தான் அதட்டினேன்" என்றார். தாஷி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

வில்கமுவைக்குப் போக யாருக்கும் தெம்பில்லை. 12.40 பஸ்ஸில் திரும்பினோம். இந்த முறையும் நின்றுகொண்டுதான்.

போக நினைப்பவர்களுக்கு: அந்த 7.45 பஸ்ஸை நம்பி இருக்காதீர்கள். முதல் நாளே நாவுலையில் யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆட்டோவுக்கு ஒரு வழிக்கு 6,500 ரூபா சொன்னார்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். பிள்ளையோடு போகிறவர்கள், அது எந்த மொழியில் அழுதாலும் விளங்கிக்கொள்ள வேண்டிய பத்துச் சொற்களையாவது தெரிந்துகொண்டு போங்கள். நான் அன்று எழுதிய ஒப்பீட்டில் எண்கள் இருந்தன, மரியாதை ஒட்டுகூட இருந்தது. பூச்சி இல்லை.

போன வாரம் ஷிரா ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவர் "பூப்" என்கிறார். யேஷி கண்டிப்பாகத் திருத்துகிறாள். மறுபடி சொல்கிறார், மறுபடி திருத்துகிறாள். மூன்றாம் தரம் சரியாக வந்திருக்க வேண்டும், பிள்ளை அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். அது என்னவென்று எனக்குத் தெரியாது. ஷிரா அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.