மாமா பூட்டிய ஜப்பான் ஃபோர்க்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்குப் பின்பாதி இங்கிலாந்து, முன்பாதி ஜப்பான். இரண்டையும் சேர்த்துவைத்தவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி.

யுத்த காலம். மாமா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து, பஸ் மாறி மாறிக் கண்டிக்கு வந்திருந்தார். கட்டார் நாட்டில் ஒரு கராஜில் அவருக்கு வேலை சரிவந்திருந்தது. கொழும்பு ஏஜென்சிக்காரர் கூப்பிடும்வரை, பேராதனையைத் தாண்டிக் கலஹா வீதியில் இருந்த எங்கள் வீட்டில் நிற்பதாக ஏற்பாடு. சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. வந்த மூன்றாம் நாளே அப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுவிட்டார்.

அது ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன வண்டி, அப்பாவைவிட வயது கூடியது. முன்சில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு கால்களைத்தான் ஃபோர்க் என்பார்கள். அதனுள்ளே சுருள்வில் உடைந்திருந்ததால் பள்ளத்தில் இறங்கும்போது நமக்குப் பல்லெல்லாம் ஆடும். பிரேக் இருந்தது, பேருக்கு. சாமான் தேடித் தேடி அலுத்துப்போய் அப்பா பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் போய்வரத் தொடங்கியிருந்தார்.

மாமாவோ பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊரிலிருந்து வந்தவர். எதற்கு எது பொருந்தாது என்ற கவலையே அந்த ஆட்களுக்குக் கிடையாது. கட்டுகஸ்தோட்டையில் பழைய ஜப்பான் சாமான் விற்கும் ஒரு யார்டுக்குப் போய், எங்கோ மோதி நொறுங்கிய ரேஸ் பைக் ஒன்றின் முன்பாதியை முழுதாகத் தூக்கிவந்தார். தடித்த ஃபோர்க், பொன்னிறம், சில்லின் இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். அதன் நடுத்தண்டு எங்கள் வண்டியின் கழுத்துக்குள் நுழைய மாட்டேன் என்றது. லேத் கடையில் அதை அழுத்திக் கழற்றிவிட்டு, அளவாக வேறொரு தண்டு கடைந்து போட்டார். ஆனால் ஹாண்டிலைத் திருப்பினால் அந்தத் தடித்த கால்கள் பெற்றோல் டாங்கியில் இடித்தன. இடிக்குமுன் தடுக்கக் கழுத்தடியில் இரண்டு இரும்புத்துண்டை ஒட்டினார். அதோடு ஹாண்டில் முன்பு திரும்பியதில் பாதிதான் திரும்பியது.

“என்னடாப்பா இது, மோட்டச்சைக்கிளோ லொறியோ? திருப்புறதுக்கு ஒரு மைதானம் வேணும் போல கிடக்கு” என்றார் அப்பா.

“வளைவு கொஞ்சம் குறைவுதான் அத்தான். பிரேக்கைப் பிடிச்சுப் பாருங்கோ, பிறகு கதையுங்கோ.”

அப்பா பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னொருதரம் பிடித்துப் பார்த்தார்.

எனக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை கண்டியில் சங்கீத வகுப்பு. எப்போதும் பஸ்ஸில் போகிறவள், அன்று பொன்னிற ஃபோர்க்கில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வகுப்புப் பெண்கள் பார்க்க வேண்டுமே! அடுத்து வரும் புதன்கிழமை மாமா கொழும்பு ஏஜென்சிக்குப் போகவேண்டியிருந்தது. அதுவரை வெளியே அலையவேண்டாம் என்று அம்மா தடுத்தாள். நான் அழுதேன். “சரி அக்கா, பிள்ளை ஆசைப்படுகுது” என்று மாமா கிளம்பினார்.

பேராதனைப் பாலத்தடியில் சோதனைச்சாவடி. ஆமிக்காரன் ஒருவன் இடதுபக்கம் ஒதுங்கி நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினான். மாமா ஹாண்டிலை இடப்பக்கம் முறித்துத் திருப்பினார். அது பாதியில் நின்றது. வண்டி ஒதுங்காமல், வீதித்தடையாக வைத்திருந்த பீப்பாயைத் தாண்டி நேரே போயிற்று. யாரோ கத்தினார்கள். மாமா பிரேக்கைப் பிடித்த பிடியில் என் மூக்கு அவர் முதுகில் அடிபட்டது. நிமிர்ந்தபோது இரண்டு துவக்குகள் எங்களைப் பார்த்து நின்றன.

அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்த வண்டிக்கும் அங்கே நின்ற வண்டிக்கும் பாதி உறவுதான். மாமாவுக்குச் சிங்களம் தெரியாது. யார் வீட்டில் தங்குகிறார் என்று பொலிஸில் பதிந்த துண்டை நீட்டி, தமிழும் இங்கிலிசுமாக, அக்கா வீட்டில் நிற்கிறேன், இவள் அக்காவின் மகள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியவர் ஒருவர் இப்படிக் கெஞ்சி நான் அதுவரை பார்த்ததில்லை.

சாவடியின் பெரியவன் என் பக்கம் குனிந்தான். இந்த ஆள் உனக்கு யார் என்று சிங்களத்தில் கேட்டான். நல்ல மாதிரித்தான் கேட்டான்.

மாமா என்ற சொல் சிங்களத்திலும் மாமாதான். அந்த ஒரு சொல் போதும். அதைச் சொல்ல எனக்குப் பாஷைகூடத் தேவைப்பட்டிருக்காது.

“தன்னே நே” என்றேன். தெரியாது. அதோடு விட்டேனா? வழியில் நின்றேன், ஏற்றிக்கொண்டு வந்தார் என்று நல்ல சிங்களத்தில் அழகாகச் சேர்த்துச் சொன்னேன்.

ஊரிலிருந்து வந்தவர்கள் வீட்டில் நிற்பதை வெளியில் மூச்சுவிடக்கூடாது என்று அம்மா எங்களைப் பழக்கியிருந்தாள். அது ஞாபகம் வந்துதான் அப்படிச் சொன்னேன் என்று எழுத ஆசை. சீ, அதெல்லாம் ஒன்றுமில்லை. பயந்தேன். அவரோடு சேர்த்து என்னையும் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன், அவரைக் கழற்றிவிட்டேன். அவ்வளவுதான்.

பெரியவன் அந்தத் துண்டை இன்னொருதரம் வாசித்தான். அக்கா வீடு என்றிருந்தது. அக்காவின் மகள் இல்லை என்றுவிட்டாளே! துண்டே பொய் என்று ஆகிவிட்டது. என்னைக் கலஹா பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நான் ஜன்னலோரம் இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் வந்து, மாமாவைப் பிடித்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அப்பா பொலிஸுக்கு ஓடினார். இருட்டும் நேரம் வந்து கதிரையில் விழுந்தவர், பிள்ளையே ஆளைத் தெரியாது என்றிருக்கிறாள், இனி நாங்கள் சொல்லி யார் நம்பப்போகிறார்கள் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“மாமாதான் அப்படிச் சொல்லச் சொன்னவர்” என்றேன்.

அதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பதினொரு நாள் வைத்திருந்தார்கள். புதன்கிழமை வந்துபோயிற்று, கட்டார் வேலை வேறொருவனுக்குப் போயிற்று. அப்பா யார் யாரையோ பிடித்து, கடைசியில் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாடி வளர்ந்து, இடதுகையைத் தூக்க முடியாமல் வந்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டுவிட்டு முன்னாலேயே இருந்து அழுதாள். அழுகை கோபமாக மாறியது.

“உனக்கு மூளை இருக்கோடா? பச்சைப்பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக் குடுப்பாங்களோ? உன்ரை வாயாலயே நீ கெட்டாய்!”

மாமாவின் கை சோற்றில் நின்றது. கதவடியில் நின்ற என்னை ஒருதரம் பார்த்தார்.

“ஓம் அக்கா. நான்தான் சொல்லச் சொன்னனான். அந்த நேரம் வேற ஒண்டும் தோணேல்லை.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மடையன் என்றாள். அவர் குனிந்து சாப்பிட்டு முடித்தார்.

அடைபட்டுக் கிடந்ததில் மாமாவுக்கு நடந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது என்று நான் முடிவுகட்டினேன். தப்பினேன் என்று அப்படியொரு சந்தோஷம். அன்று பின்னேரமே போய் அவரை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டியைப் பொலிஸ் திருப்பித் தந்ததும் என்னை இன்னொருதரம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று கேட்டேன்.