கண் சொருக ஒரு பாட்டு

ஹாலிஎலைக்கு மேலே இருந்த பழைய தோட்டத்துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருந்தார்கள். வார இறுதி மாலைகளில் அங்கே கிட்டார் வாசித்துப் பாடுவது துஷாந்தினியின் வேலை. கீழே தெரியும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் அவள். போனில் வீடியோ பார்த்தே கிட்டார் பழகினாள். பாடியதெல்லாம் அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டவை.

மேனேஜர் ரஜீவ் முதல் நாளே சொல்லிவிட்டான். "கத்திப் பாடக் கூடாது தங்கச்சி. களைச்சு வர்றவங்க காலை நீட்டிப் படுத்துக் கேக்கணும். கண்ணு சொருகணும். அவ்வளவுதான்."

அவளும் குரலைத் தணித்துக்கொண்டாள். நீளமான சாய்வு நாற்காலிகளில் கிடந்து, எண்ணெய் தேய்த்த பாதங்களை ஆட்டியபடி வெள்ளைக்காரர்கள் கேட்டார்கள். வறுத்த கோழியின் எலும்பைத் தட்டில் துப்பிவிட்டு, அதே விரல்களால் தாளம் போட்டார்கள். அவளுக்குக் குமட்டும். தமிழ் தெரியாதவர்கள்தானே என்று பொறுத்துக்கொள்வாள்.

ஒரு பாட்டை அவர்கள் அப்படிக் கேட்பதைத்தான் அவளால் பொறுக்கவே முடியவில்லை. அவளுடைய சித்தி பெரியாயி, மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டார்கள். கொழுந்தை ஃபெக்டரியில் இறக்கிவிட்டு வரட்டும் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அதை அனுப்பிவிட்டார். லொறி திரும்பி வந்தபோது சித்திக்கு மூச்சில்லை. அதைத்தான் துஷாந்தினி எழுதியிருந்தாள்:

கொழுந்து வாடிருமின்னு
லொறி கெளம்பிப் போச்சு
சித்தி வாடிக் கெடந்தத
யாரு பாத்தாக?

வந்தவர்களுக்கெல்லாம் அதுதான் பிடித்தது. கேட்டுக் கேட்டுத் தூங்கிப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை கொழும்பிலிருந்து அகிலேஸ்வரி என்ற தமிழ்ப் பெண்மணி வந்திருந்தார். முன் நாற்காலியில் அமர்ந்து, கண்ணை மூடி, உதட்டில் சிரிப்போடு கேட்டார். இவருக்காவது புரியும் என்று துஷாந்தினி ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகப் பாடினாள். முடிந்ததும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசுக்கு என்ன இதமா இருக்கு தெரியுமா! என்ட யோகா வகுப்பில போடலாம். ஒரே ஒரு விஷயம். 'சித்தி' எண்டது கொஞ்சம் வீட்டுச் சொல்லா இருக்கு. 'சகி' எண்டு மாத்தலாமா?"

பிடித்த கையில் வாசனைக் களிம்பு பிசுபிசுத்தது. துஷாந்தினி கையை உருவிக்கொண்டாள்.

"அவங்க செத்துப்போனாங்க மேடம். பாட்டில சொல்லியிருக்கேனே."

"ஓ, அது விளங்கினது. அந்தச் சோகம்தானே அழகு!" அவர் போனை எடுத்து நீட்டினார். "எப்பிடிச் செத்தா எண்டு கொஞ்சம் சொல்லுங்கோ. வீடியோவுக்கு நல்லா இருக்கும்."

மொழி தெரியாததால் அல்ல, தெரிந்தும் இப்படித்தான் கேட்கிறார்கள் என்பது அந்தக் கணத்தில் விளங்கியது. அவள் உள்ளங்கையால் போனின் கமராவைப் பொத்தினாள். பிறகு கிட்டாரை உறைக்குள் போட்டாள்.

ரஜீவ் ஓடி வந்தான். "என்ன தங்கச்சி இது? விருந்தாளிங்க முகத்துல..."

"அண்ணே, தூங்கப் பாட்டு வேணும்னா ரேடியோவப் போடுங்க. எங்க வீட்டுச் சாவப் போடாதீங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாதை நெடுக உமிழ்ந்துகொண்டே இறங்கினாள். வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவியும் அந்தக் களிம்பு வாசம் போகவில்லை. தன் குரலை இத்தனை நாள் இவர்களுக்காகத் தணித்து வைத்திருந்ததை நினைத்தபோது, தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பதுளையில் நௌபர் என்பவரின் போன் கடையில் இப்போது வேலை பார்க்கிறாள். சித்தியின் வருசத் திவசத்தன்று, லயத்து வாசலில் பெண்கள் அவளைப் பாடச் சொன்னார்கள். அடக்காமல் பாடினாள். யாரும் கண்ணை மூடவில்லை. சித்தியோடு கொழுந்தெடுத்த ஜீவராணி மட்டும் நடுவிலேயே எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"லொறி போச்சு, லொறி போச்சுங்கிறியே. லொறி தானாவா போச்சு? அனுப்புனவன் பேரு எங்கடி?"

"பேரப் போட்டா வம்பு வருமேக்கா."

"வரட்டும். போடு."

துஷாந்தினி கணக்கப்பிள்ளையின் பெயரை முதல் வரியிலேயே வைத்து, மறுபடி தொடங்கினாள்.