அண்ணைக்கு உயராத கை

மாவட்ட அணியின் பயிற்றுநர் பருவத்தின் நடுவிலேயே விலகி வெளிநாடு போய்விட்டார். செய்தி பரவிய அன்றே அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"நான் விண்ணப்பம் போடப்போறன். நீ உள்ளுக்கை இருக்கிறாய்தானே?"

கேள்வி போலத்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

நான் அப்போது உதைபந்தாட்ட லீக்கின் நிர்வாகத்தில் இருந்தேன். பெண்கள் போட்டிகளுக்குப் பல வருடங்கள் மத்தியஸ்தராக விசில் ஊதியவள் என்பதால் என்னைச் சேர்த்திருந்தார்கள். புதிய பயிற்றுநரைத் தெரிவுசெய்யும் ஐந்து பேரிலும் நான் ஒருத்திதான் பெண். அண்ணையோ வடமராட்சிக் கரை முழுக்க அறிந்த முன்னாள் ஆட்டக்காரர். அவர் அடித்த கோல்களில் எது பெரியது என்று இன்றைக்கும் கடை வாசல்களில் சண்டை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முதற் கூட்டத்தில் கதிரையில் இருக்கமுன்னமே சொல்லிவிட்டேன். "விண்ணப்பம் போட்டவரிலை ஒராள் என்ரை சொந்த அண்ணை. நான் விலகிறதுதான் முறை."

தலைவர் சிரித்தார். "உங்கை ஆர் ஆருக்குச் சொந்தமில்லை? எல்லாரும் விலகினா நான் தனியத்தான் இருக்கவேணும். இருங்கோ பிள்ளை."

அவருடைய சிரிப்பு எனக்கு விளங்கியது. அண்ணை தெரிவாக ஐந்தில் மூன்று கைகள் உயரவேண்டும். மூன்றாவது என்னுடையது என்று தலைவர் முடிவுகட்டியிருந்தார். நான் எழும்பிப் போயிருக்கலாம். போனால் மிச்ச நால்வரும் இரண்டு இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள், பிறகு தலைவரின் மேலதிக வாக்கால் அவர் நினைத்ததுதான் நடக்கும். இருந்தேன்.

இரண்டே விண்ணப்பங்கள். மற்றவர் அரியாலைக்காரர். ஒரு காலத்தில் மாற்றுக் கோல்காப்பாளராக, ஆட இறங்காமல் வாங்கிலே இருந்தவர். பிறகு பாடசாலை அணிகளைப் பழக்கியவர். அவரைப் பற்றி எவருக்கும் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது.

"இதிலை கதைக்க என்ன கிடக்குது? கையை உயத்துவம், தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போவம்" என்றார் தலைவர்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். "ஆர் வேணும் எண்டு பிறகு பாப்பம். எங்கடை அணிக்கு என்ன வேணும் எண்டதை முதல் கதைப்பம்."

செயலாளர் மெதுவாகச் சொன்னார்: முதற்பாதியில் நன்றாக ஆடுகிறார்கள், கடைசி நேரத்தில் கோல் வாங்குகிறார்கள், ஏன் என்று எங்களுக்கே தெரியாது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள்தான் வேண்டும் என்றேன். இருவரும் ஆளுக்கு ஒரு பின்னேரம் அணியைப் பழக்கட்டும், அதைப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்போம் என்றும் சொன்னேன். தலைவரின் முகம் இறுகியது. ஆனாலும் மறுக்கவில்லை. அண்ணை மைதானத்தில் இறங்கினால் வேறு யாரும் நிற்க முடியாது என்று அவர் நம்பினார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நம்பினேன்.

அண்ணையின் பின்னேரத்துக்குச் சனம் திரண்டு வந்திருந்தது. அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்க, வேலியோரம் கைதட்டல் எழுந்தது. இந்த வயதிலும் அந்த இடக்கால் அப்படியே இருந்தது. "இப்பிடிப் பார்" என்று பந்தை வாங்கினார், மூன்று பேரை வெட்டிக்கொண்டு போனார், கோலுக்குள் அடித்தார். மறுபடியும் "இப்பிடி" என்றார். பொடியள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாய்பிளந்து பார்த்தார்கள். எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் போகத்தான் மற்றவர்களைக் கவனித்தேன். பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவருக்குக்கூட வியர்க்கவில்லை.

அடுத்த நாள் அரியாலைக்காரர் வந்தார். அவர் பந்தைத் தொடவேயில்லை. ஆட விட்டுவிட்டு இடையில் நிறுத்தினார். இடப்பக்கப் பின்வரிசைக்காரனிடம் போய், "ஏன் தம்பி உதிலை நிண்டனீ?" என்று கேட்டார். அவன் முழித்தான். அவர் காத்துக்கொண்டு நின்றார். "டேய், ஆட விடடா!" என்று வேலியோரம் கூக்காட்டினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அவன், "எனக்கு முன்னாலை நிக்கிறவன் களைச்சாப் பிறகு திரும்பி வரமாட்டான் எண்டு தெரியும். அதாலைதான்" என்றான். "அப்ப அதை அவனுக்குச் சொல்லு" என்றார். இருவரும் எல்லாருக்கும் முன்னால் வாக்குவாதப்பட்டார்கள். பார்க்க வடிவாக இருக்கவில்லை. ஆனால் நாங்கள் மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த பதில் அதுதான்.

அன்று மாலையே கூடினோம். தலைவரும் இன்னொருவரும் அண்ணைக்குக் கை உயர்த்தினார்கள். செயலாளரும் பக்கத்தில் இருந்தவரும் மற்றவருக்கு. எல்லாருடைய கண்ணும் என்னில்.

"பிள்ளை, கையை உயத்துங்கோ. வெளியிலை சனம் நிக்குது" என்றார் தலைவர்.

என்னுடைய கை மடியில் கிடந்தது, அது யாருடையதோ போல. "நான் அரியாலையாருக்குத்தான்" என்றேன். குரல் பிசகாமல் வந்ததே எனக்கு ஆச்சரியம்.

தலைவர் எழும்பினார். "சொந்த அண்ணனுக்கு இதைச் செய்தனீரே" என்றார். அதுவரை 'நீங்கள்' என்று கதைத்தவர், இப்போது 'நீர்' என்று இறங்கியிருந்தார்.

கைபேசிகளில் செய்தி முந்திவிடும் என்ற பயத்தில் நேரே ஸ்கூட்டரைக் கரைப்பக்கம் அண்ணை வீட்டுக்கு விட்டேன். அண்ணை முற்றத்தில் படகு எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தார். என் முகத்தைக் கண்டதும் அண்ணையின் மனைவி, என் மச்சாள், உள்ளே போய்விட்டா.

"அண்ணை, உங்களுக்குக் கிடைக்கேல்லை. நான்தான் மற்றவருக்குப் போட்டனான்."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "என்னிலை என்ன குறை கண்டனீ?"

"பந்து முழுநேரமும் உங்கடை காலிலைதான் நிண்டது."

வேறு ஏதாவது மென்மையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது உண்மையை. எஞ்சினுக்குக் குனிந்தார். "சரி, போ" என்றார். மச்சாள் கொண்டுவந்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு நீர்வேலியிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பினேன். வழி முழுக்க என் காதுக்குள் அந்தப் 'போ' மட்டும்தான்.

புதியவரின் கீழ் முதல் போட்டியில் படுதோல்வி. போட்டி முடிந்து வெளியே வர, "அண்ணனைக் கவிட்டவள் வாறாள்" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் என் ஸ்கூட்டரை உதைத்து விழுத்தினான். கூட வந்திருந்த என் கணவர் அவனை நோக்கிப் போக, நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். மத்தியஸ்தராக நின்ற காலத்தில் கேளாத வசையா? இருவருமாக ஸ்கூட்டரை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அவசரக் கூட்டம் வைத்தார்கள். "இப்பவே மாத்துவம், தாமதிச்சா மானம் போயிடும்" என்றார் தலைவர்.

"ஒரு போட்டிக்காகவா ஆளை எடுத்தனாங்கள்? பருவம் முடியும் வரைக்கும் எண்டுதானே சொன்னனாங்கள். ஆளை எடுக்கிறது மட்டும் எங்கடை வேலையில்லை, எடுத்த ஆளுக்குப் பின்னாலை நிக்கிறதும்தான்" என்றேன்.

செயலாளர்தான் கடைசியில், "பிள்ளை சொல்லுறது சரி. இன்னும் கொஞ்சம் பாப்பம்" என்றார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த போட்டி சமநிலை. கடைசி நேரத்தில் கோல் விழவில்லை. விசில் ஊதும்வரை நான் வேலியோரமே நின்றேன். அப்போதுதான் மறுபக்க வேலியோரம் அண்ணையைக் கண்டேன். பேசமாட்டார் என்று தெரிந்தும் கிட்டப் போனேன்.

என்னைப் பாராமலே சொன்னார்: "பின்னுக்குச் சரி. முன்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கோலுக்கு அடிக்கத் தெரியேல்லை. அவனுக்குச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்கோவன்."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அந்தக் கிழமை பயிற்சிக்கு அவர் வந்ததாகச் செயலாளர் சொன்னார். அவரும் அரியாலைக்காரரும் கோல் கம்பத்தடியில் நின்று கனநேரம் கதைத்தார்களாம். என்ன கதைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அணி அரையிறுதி வரை போய்த் தோற்றது. அரியாலைக்காரரை அடுத்த பருவத்துக்கும் வைத்துக்கொள்ள எல்லாரும் கை உயர்த்தினார்கள், தலைவர் கடைசியாக. முன்வரிசைக்காரரைப் பழக்க அண்ணை இப்போது கிழமைக்கு இரண்டு பின்னேரம் போகிறார். சம்பளம் கேட்கவில்லை, பதவியும் கேட்கவில்லை. என் வீட்டுக்கு மட்டும் இன்னும் வரவில்லை. மீன் நல்லாய்ப் பட்டால் எனக்கும் ஒரு பங்கு மச்சாளிடம் கொடுத்துவிடுகிறார்.