ஓரெஸ்ட் குலுக்காத கை

ஓரெஸ்ட் பிலிக் இருபத்தியிரண்டு வருஷம் ஷிப்டுத் தலைவராக இருந்தார். சஸ்காச்சுவன் சமவெளியில், பூமிக்கு ஒரு கிலோமீட்டர் கீழே பொட்டாஷ் உப்பு வெட்டுகிற சுரங்கம். அவருக்குக் கீழே முப்பத்தியொரு பேர். கடைசிக் குளிர்காலம் வரை அவர் ஷிப்டில் ஒருத்தனுக்கு ஒரு விரல்கூடப் போனதில்லை. மற்ற ஷிப்டுகளில் போயிருக்கிறது. விரல் மட்டுமா போனது? அதெல்லாம் இப்போது எதற்கு.

காலையில் ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டின் வாசலில் நிற்பார். கையுறையைக் கழற்றிவிட்டு, இறங்குகிற ஒவ்வொருவரோடும் கைகுலுக்குவார். அவர்களும் கழற்ற வேண்டும். புதிதாக வந்தவர்கள், இதென்ன கல்யாண வரவேற்பா என்று சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். முந்தின நாள் குடித்தவன், தூங்காதவன், பெண்டாட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவன், எல்லாரையும் அவரவர் கையே காட்டிக்கொடுத்துவிடும். அதை ஊரறியப் போட்டு உடைக்கிற ஆளில்லை ஓரெஸ்ட். "நீ இன்னைக்கு மேலயே இரு, உப்பு வர்ற பெல்ட்டுல ஆள் குறையுது" என்பார். பெல்ட்டில் ஆள் குறைந்திருக்காது.

பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ரெனாட்டோவின் கையை ஒருநாள் பிடித்தவர் விடவில்லை. வீட்டில் யாருக்கு என்ன என்று மெல்லக் கேட்டார். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று அந்த ஆறடி ஆள் கூண்டு வாசலிலேயே உடைந்து அழுதான். ஓரெஸ்ட் முன்னால் நின்று அவனை மற்றவர்கள் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டார். மறுநாளே அவன் ஊருக்கு விமானம் ஏறினான். அந்த மனிதருக்காக அவன் மலையையும் வெட்டுவான்.

இதெல்லாம் கம்பெனிக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் நகரத்திலிருந்து ஒரு பயிற்சி அம்மாளை வரவழைத்தார்கள். தலைவனுக்கு உணர்ச்சி நுண்ணறிவு வேண்டும், பிறர் மனசைப் படிக்கத் தெரிய வேண்டும் என்று அந்த அம்மாள் படம் போட்டு விளக்கினாள். பிறகு ஓரெஸ்டை மேடைக்குக் கூப்பிட்டு, இதோ இருக்கிறார் என்று காட்டினாள். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். கையைப் பிடிப்பேன், அவ்வளவுதான் என்றார். அப்படிக் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து டெல்மரும் தட்டினான்.

டெல்மர் டோத், ஓரெஸ்டின் எதிர்வீடு. பத்தொன்பது வருஷமாக இருவருக்கும் ஒரே வண்டிதான். ஓரெஸ்ட் ஓட்டுவார், டெல்மர் பக்கத்தில் உட்கார்ந்து காபி ஊற்றிக் கொடுப்பான். போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். கூண்டு வாசலில் மற்றவர்களோடு கைகுலுக்கி முடித்ததும், கடைசியாக இருவரும் சேர்ந்தே உள்ளே ஏறுவார்கள். டெல்மரோடு மட்டும் ஓரெஸ்ட் கைகுலுக்குவதில்லை. கூடவே வந்தவனுக்கு எதற்குக் கைகுலுக்கல்? அந்தப் பக்கத்தில் யாருமே அப்படிச் செய்யமாட்டார்கள். செய்தால் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்பார்கள்.

வண்டியில் பேசுவதெல்லாம் ஓரெஸ்ட்தான். இவன் கை இப்படி இருந்தது, அவன் வீட்டில் ஏதோ புகைகிறது என்று மனசில் சேர்ந்ததையெல்லாம் கொட்டுவார். டெல்மர் கேட்டுக்கொண்டு வருவான். பயிற்சிக்கு முந்தின அக்டோபரிலிருந்து அவன் "ம்" கொட்டுவதும் குறைந்துவிட்டது. ஹாக்கி அணி தோற்றுக்கொண்டே இருக்கிறதல்லவா, அந்தக் கடுப்பு என்று ஓரெஸ்ட் நினைத்தார். உண்மையைச் சொன்னால் அந்த மௌனம் அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது. முப்பது பேர் பாரத்தைத் தூக்குகிறவருக்கு, பாரமில்லாத ஒருத்தன் பக்கத்தில் இருப்பது ஓய்வு.

பயிற்சி முடிந்து திரும்பும்போது டெல்மர் தானாகவே வாயைத் திறந்தான்.

"ஊர்ல இருக்கிறவன் கையெல்லாம் பார்க்குறியே, என் கையைப் பார்த்து எத்தனை வருஷம்டா ஆச்சு?"

"உன் கையில பார்க்க என்ன இருக்கு? அதான் தினம் என் வண்டி ஹீட்டர் முன்னாடியே கிடக்குதே."

டெல்மர் சிரித்தான். ஓரெஸ்டும் சிரித்தார். பிறகு டெல்மர் பனி மூடிய வயலைப் பார்த்துக்கொண்டு வந்தான், ஓரெஸ்ட் ரெனாட்டோவின் புது வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

அதற்கு மூன்றாவது வாரம், ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெட்டும் இயந்திரத்தை முன்னே நகர்த்துவதற்கு முன் மேல்கூரையைக் கம்பியால் தட்டிப் பார்க்க வேண்டும். காலிப் பானை மாதிரிச் சத்தம் வந்தால் உள்ளே பிளந்திருக்கிறது, கிட்டப் போகக்கூடாது. அந்த ஷிப்டில் பாதிப் பேருக்குத் தட்டக் கற்றுக்கொடுத்தவனே டெல்மர்தான். அன்றைக்கு அவன் தட்டவில்லை. கம்பியைக் கையில் எடுக்கக்கூட இல்லை, நேரே நடந்து போனான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உப்புப் பாறை ஒன்று மொத்தமாக இறங்கியது. ஓரெஸ்ட் ஓடிப்போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

டெல்மரின் கையுறையைக் கழற்றி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

விசாரணை நடந்தது. கவனக்குறைவு என்று எழுதினார்கள். யாருக்குத் தெரியும், யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று ஆளாளுக்கு ஓரெஸ்டின் தோளைத் தட்டினார்கள். அவரும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளையும் ஓட்டினார். கூண்டு வாசலில் நின்று கைகளைப் பிடித்தார். ஆனால் எந்தக் கையும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ரெனாட்டோ ஒருநாள் காய்ச்சலோடு இறங்கிவிட்டான், அவருக்குத் தெரியவே இல்லை. யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது நிஜந்தானா என்று தெரிந்தால்தான் இனி அந்த வாசலில் நிற்க முடியும். அதைச் சொல்லக்கூடியவள் டெல்மரின் மனைவி இர்மா ஒருத்திதான்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிந்ததும் எதிர்வீட்டுக்குப் போனார். இர்மா சமையலறையில் கம்பளித் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தாள். துக்கத்தில் இளைத்துவிட்டாள் என்றுதான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவள் தொப்பியைக் கழற்றினாள். தலையில் ஒரு முடி இல்லை.

"அந்தக் கேன்சர் அக்டோபர்ல திரும்ப வந்துடுச்சு ஓரெஸ்ட். இந்தத் தடவை ஈரல்ல."

ஓரெஸ்ட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

மே மாதம் மகள் கல்யாணம். அதுவரை ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது என்று இர்மா புருஷனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ராத்திரி முழுக்க அவள் வாந்தியெடுப்பாள், டெல்மர் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். விடிந்ததும் வண்டியில் ஏறிவிடுவான். மூன்று மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கவில்லை.

"சத்தியம் வாங்கினது நான்தான். என் பாவம் எனக்கு. ஆனா அவன் என்ன சொன்னான் தெரியுமா? நான் வாயைத் திறக்க மாட்டேன், ஆனா ஓரெஸ்ட் கண்டுபிடிச்சுக் கேட்டான்னா அவன்கிட்ட மட்டும் பொய் சொல்ல மாட்டேன்னான். எனக்கே அது ஆறுதலாத்தான் இருந்துச்சு. யாராவது ஒருத்தருக்குத் தெரியட்டும்னு. தினம் சாயந்தரம் வந்ததும் கேட்பேன், இன்னைக்குக் கேட்டானான்னு. இல்லம்பான். நாளைக்குக் கேட்பான்பான்."

ஓரெஸ்ட் அந்த நாட்களை எண்ணிப் பார்த்தார். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று மாதம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறான். தானோ ரெனாட்டோ வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அவனை மேல நிறுத்தியிருப்பியா?"

விசாரணையில் எழுதினது, தோளைத் தட்டினவர்கள் சொன்னது, எல்லாம் அவர் கைவசம் இருந்தது. எதையும் அவர் எடுக்கவில்லை.

"நிறுத்தியிருப்பேன்."

இர்மா அழுதாள். சத்தம் போட்டு அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. வந்தவனெல்லாம் கடவுள் சித்தம்னுட்டுப் போறான், நீ ஒருத்தன்தான் உள்ளதைச் சொன்ன என்றாள்.

ஓரெஸ்ட், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போகிறார்கள், நான் வருகிறேன் என்றார்.

"மக வர்றா. நீ வேணாம் ஓரெஸ்ட். கோபமில்ல. உன் வண்டியில அவன் உட்கார்ந்த இடத்துல என்னால உட்கார முடியாது."

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, சாலையைக் கடந்து தன் வீட்டுக்குப் போனார். அந்த வாரமே பதவியை எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை கூண்டு வாசலில் வேறொருவர் நின்றார்.